காற்று திரும்பி வரும் என்றார் அப்பாயி

எங்கள் பக்கம் வயசானவர்கள் பிள்ளை பிறந்த தேதியை எங்கேயும் தேட மாட்டார்கள். 52 புயலுக்கு முந்தி, 77 புயலுக்கு மறுவருஷம், இப்படித்தான் கணக்கு. வேதாரண்யம் வட்டாரத்தில் வளர்ந்த எனக்கு அதெல்லாம் பழங்கதையாகவே இருந்தது, 2018 நவம்பரில் கஜா வரும்வரை.

15ஆம் தேதி ராத்திரி, பன்னிரண்டரைக்கு மேல் கரையேறியது. வடக்கேயிருந்து அடித்த காற்றில் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போக, நாங்கள் எல்லோரும் ஓட்டு வீட்டு அறைக்குள் ஒடுங்கிக் கிடந்தோம். அப்புறம் சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கக் கிளம்பினான், பக்கத்து வீட்டிலும் கதவு திறக்கிற சத்தம். அப்பாயிதான் வாசலை மறித்துக்கொண்டு, "யாரும் வெளிய போவாதீங்கடா, பாதிதான் முடிஞ்சிருக்கு, இனிமேதான் தெக்கேருந்து வரும்" என்று கத்தினார். 77இல் இதே மாதிரி காற்று ஓய்ந்த நேரத்தில் வெளியே போனவர் மேல் கூரை சரிந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். புயலின் கண் கடந்தால் காற்று எதிர்த்திசையில் திரும்பும் என்று பாடத்தில் இருக்கிறதுதான், ஆனால் அந்த இருட்டில் அது யாருக்கு ஞாபகம் வரும்? கொஞ்ச நேரத்தில் வந்தது, முன்னதைவிட மோசமாக.

விடிந்து தோப்புக்குப் போனால், தெற்கே தலைவைத்துக் கிடந்த தென்னைகள் மேல் வடக்கே சாய்ந்த தென்னைகள். பாதி வேரோடு, பாதி நடுவில் முறிந்து. நெட்டை ரகம் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 என்று அரசு அறிவித்தது. அப்படியே போட்டு வைக்கவும் முடியாது, மட்குகிற மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகி, மிச்சம் நிற்கிற மரத்தின் குருத்தையும் துளைத்துவிடும். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஆட்கள் வயல் தண்ணீரில் இறங்கிக் கம்பத்தைத் தோளில் சுமந்து போனதை எங்கள் ஊர் மறக்காது.

அப்பாயி இப்போது இல்லை. உங்கள் வீட்டில் 77ஐப் பார்த்தவர்கள் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள்: காற்று எந்தப் பக்கம் திரும்பியது, கடல் எதுவரைக்கும் ஏறியது, யார் வீட்டில் ஒதுங்கினார்கள். போனிலேயே பதிவு செய்துவிடலாம். அடுத்த ஐப்பசிக்குள் கேட்டு வைத்துவிடுங்கள்.