புளியங்கொட்டையில் கற்ற இம்ப்ரிண்டிங்

சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தகுதித் தேர்வில், உயிர் அறிவியல் தாளின் சி பகுதியில் 75 வினாக்கள் தருவார்கள். 25க்கு விடையளித்தால் போதும். ஒரு மரபணுவின் பிரதி தாய்வழி வந்ததா, தந்தைவழி வந்ததா என்பதைப் பொறுத்து அது வெளிப்படுவதை இம்ப்ரிண்டிங் என்பார்கள். தாவரங்களில் அதைப் பற்றிய வினாவைக் கண்டதும் பலர் அடுத்த வினாவுக்குத் தாவிவிடுவது அந்தத் தைரியத்தில்தான். நானும் தாவிக்கொண்டிருந்தவள்தான். ஒரு மாதிரித் தேர்வில் ஆசைப்பட்டுத் தொட்டு, நான்கு மதிப்பெண் கிடைக்காததோடு கையிலிருந்த ஒன்றையும் பறிகொடுத்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

வினா இதுதான். ஏ, பி என்று இரண்டு மக்காச்சோள வகைகள். ஏ தாயாக இருந்த கலப்பின விதையின் கருவூண்திசுவில் (வளரும் கருவுக்கு உணவு தரும் திசு), ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ.யில் 67 சதவீதம் ஏ-யின் அல்லீலிலிருந்து, அதாவது அந்த மரபணுவின் ஏ-க்குரிய வடிவத்திலிருந்து வந்தது. பி-யைத் தாயாக்கியபோது ஏ-யின் பங்கு 33 ஆனது. தாய் மாறினால் பங்கும் மாறுகிறதே என்று இம்ப்ரிண்டிங்கைக் குறித்தேன். தவறு.

அன்று மாலை, பாட்டி தாயம் ஆடும் புளியங்கொட்டைகளில் மூன்றை எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு பக்கம் தேய்த்து வெளுத்தவை. இரண்டைக் கறுப்பு மேலே தெரிய வைத்தேன். ஒன்றை வெள்ளை தெரிய. இரட்டைக் கருவுறுதலில் இரண்டு துருவ உட்கருக்களோடு ஓர் ஆண் உட்கரு சேர்வதால் கருவூண்திசு மும்மயமானது: தாய்க்கு இரண்டு பங்கு, தந்தைக்கு ஒன்று. இம்ப்ரிண்டிங் முத்திரை எதுவும் இல்லாமல் மூன்று பிரதிகளும் சமமாக வேலை செய்தாலே 67, 33 வந்துவிடும். நான் மனத்தில் வைத்திருந்ததோ, தாய்க்கும் தந்தைக்கும் ஒவ்வொரு பிரதி உள்ள இலைக்குரிய 50, 50.

ஏ தாயாகும்போது 95, தந்தையாகும்போது 5 என்றால் அதுதான் தாய்வழி இம்ப்ரிண்டிங். இரண்டு கலப்பிலும் 90 என்றால் பெற்றோருக்கு அதில் பங்கில்லை. ஏ-யின் அல்லீலே வலுவாக வெளிப்படுகிறது. கலப்பினங்களின் மரபணு வெளிப்பாட்டு வினாக்களில் ஆளைக் கவிழ்ப்பது இந்த மூன்றாவது வகை. ஒரு திசைக் கலப்பின் எண்ணை மட்டும் தந்தால் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இந்தச் சிக்கல் வரலாற்றிலேயே இருக்கிறது. 1970இல் ஜெர்ரி கெர்மிக்கிள் மக்காச்சோளத்தின் ஆர் மரபணுவை ஆராய்ந்தார். நிறம் தரும் அல்லீல் தாய்வழி வந்தால் மணி முழுக்க நிறம்; தந்தைவழி வந்தால் திட்டுத் திட்டாக. தாய் இரண்டு பிரதி தருவதால்தானே என்று கேட்கலாம். அவரும் கேட்டுக்கொண்டார். குரோமோசோம் இடமாற்றத்தைப் (ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றில் ஒட்டிக்கொள்வது) பயன்படுத்தி, மகரந்தத்தின் வழியாகவே இரண்டு பிரதிகளைச் செலுத்தினார். மணிகள் அப்போதும் திட்டுத் திட்டாகவே இருந்தன. வழிமுறைகளை நெட்டுருப் போடும் முன் இந்தச் சோதனையை ஒருமுறை வரைந்து பாருங்கள்.

வழிமுறை சுருக்கம்தான். அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் சிறு செடியில், துருவ உட்கருக்கள் இருக்கும் மைய செல்லில், டெமிட்டர் என்ற நொதி மரபணுவை உறங்க வைக்கும் மெத்தில் குறியை டி.என்.ஏ.யிலிருந்து நீக்குகிறது. விந்தணுவில் குறி அப்படியே இருக்கிறது. அதனால் எஃப்.டபிள்யூ.ஏ. போன்ற மரபணுக்களில் தாயின் பிரதி மட்டும் விழிக்கிறது. தந்தையின் பிரதி மட்டும் பேசும் மரபணுக்களும் உண்டு; ஃபெரெஸ்1 அவற்றில் ஒன்று.

தாயின் பிரதி மட்டும் வேலை செய்யும் இன்னொரு அரபிடாப்சிஸ் மரபணுவான மெடியாவில் விகிதத்தைக் கவனியுங்கள். சாதாரண ஒடுங்கு திடீர் மாற்றம் என்றால், கலப்புயிரி (ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் உள்ள செடி) தன் மகரந்தத்தால் கருவுறும்போது 25 சதவீத விதைகள் கெடும். மெடியாவில் பாதி கெடுகின்றன; அதுவும் தந்தை யாராக இருந்தாலும். மாறாக, மெடியா திடீர் மாற்ற மகரந்தத்தைச் சாதாரணச் செடியில் தூவினால் விதைகள் நன்றாகவே முதிர்கின்றன. ஆனால் 50 என்ற எண்ணைக் கண்டதும் இம்ப்ரிண்டிங் என்று எழுதிவிடக் கூடாது. பெண் கேமீட்டகத்தில் (முட்டையையும் மைய செல்லையும் தாங்கும் அமைப்பு) கருவுறுதலுக்கு முன்பே தேவைப்படும் மரபணு பழுதானாலும் இதே பாதிதான் வரும். விதையில் எந்தப் பிரதியின் ஆர்.என்.ஏ. இருக்கிறது என்று பார்த்தால்தான் தெளிவாகும்.

அந்த ஆர்.என்.ஏ.யை எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. விதையுறை முழுக்கத் தாயின் திசு. அதன் துணுக்கு கருவூண்திசுவோடு வந்துவிட்டால், இம்ப்ரிண்டிங்கே இல்லாத மரபணுவும் தாய்வழி வெளிப்பாடாகத் தெரியும். இப்போது மாதிரித் தேர்வில் இத்தகைய வினா வந்தால், மாதிரியை எந்தத் திசுவிலிருந்து எடுத்தார்கள் என்ற வரியைத்தான் முதலில் தேடுகிறேன். கொட்டைகள் மூன்றும் இன்னும் என் பேனாப் பெட்டியில்தான் இருக்கின்றன. பாட்டி கேட்டபடி இருக்கிறார்.