பாறை மேல் இரண்டு கால்

அக்கா மகன் அக்னிவீரராகப் பயிற்சியில் இருக்கிறான். ஞாயிறு மாலை போன் செய்து, "மாமா, நாளைக்கு எல்எம்ஜி" என்றான். லைட் மெஷின் கன், அதாவது இலகு இயந்திரத் துப்பாக்கி. நான் 17 வருடம் ராணுவத்தில் இருந்தவன். காவேரிப்பட்டணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினேன்.

துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் இரண்டு கால்தான் பைபாட். அந்தக் காலை விரிக்கும்போதுதான் கவனம் சிதறும். கண் காலைத் தேடும், துப்பாக்கி முனை பக்கத்தில் படுத்திருப்பவன் பக்கம் திரும்பிவிடும். அதனால் முதலில் குண்டுகள் இருக்கும் மேகசினைக் கழற்றி, குண்டு ஏறி நிற்கும் சேம்பர் காலியா என்று பார்த்து, சேஃப்டி போட வேண்டும். விரல் ட்ரிகரில் இருக்கவே கூடாது. அப்புறம்தான் கால். இரண்டும் பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார். ஒன்று மடங்கினாலும் முனை மண்ணில் குத்தும்; குழலில் மண் அடைத்திருக்கச் சுட்டால் குழலே வெடிக்கலாம்.

நம் கிருஷ்ணகிரி மலை மாதிரி வெறும் பாறையில் கால் துள்ளி வழுக்கும். அடியில் மணல் மூட்டை போட்டு, தோளால் லேசாக முன்னால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஒருமுறை பக்கத்தில் இருந்தவன் சுட்டதும் பாறைச் சில்லு தெறித்து என் கன்னத்தைக் கிழித்தது. அவனுக்கு இலக்கு தெளிவாகத்தான் தெரிந்திருக்கிறது. ஆனால் குறி பார்க்கும் கோட்டுக்குச் சில சென்டிமீட்டர் கீழேதான் குழல் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே பாறை விளிம்பு! சுடுமுன் குழலுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தனியாகப் பார்த்துவிடு மாப்பிள்ளை என்றேன்.

தழும்பு இன்னும் இருக்கிறது. அவனுக்கும் தெரியும், சின்ன வயதில் தடவிப் பார்ப்பான்.