பதினெட்டாம் நம்பர் ஊசி

தண்டையார்பேட்டையில் மெடிக்கல் ஷாப் வைத்து 22 வருஷம் ஆகிறது. கடையில் பெண்கள் நிற்கும்போது இருமல் மிட்டாயைப் புரட்டிக்கொண்டே ஒருத்தன் ஒதுங்கி நின்றால், இடுப்புக்குக் கீழே உள்ள சமாச்சாரம் என்று அர்த்தம்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு ஒரு பையன் குனிந்து எட்டிப் பார்த்தான். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன். 24 வயது இருக்கும்.

"அண்ணாத்த, பத்து எம்எல் சிரிஞ்சு ரெண்டு குடு. ஊசி பதினெட்டாம் நம்பரு."

ரோஸ் கலர் தலை வைத்த அந்த ஊசியின் தடிமனைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். பிரிண்டருக்கு மை ஊற்றுகிறவர்கள், கொளத்தூர் மீன் தொட்டிக்காரர்கள் எல்லாம் சிரிஞ்சு வாங்குவார்கள். ஊசியை மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பதினெட்டைக் கேட்டு வாங்குகிறான் என்றால் ஏற்றப்போவது தண்ணி மாதிரி மருந்தில்லை. எண்ணெய்.

"இன்னாடா ஏத்தப் போற?"

தலையைச் சொறிந்துகொண்டே போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெயை ஆண்குறித் தோலுக்கடியில் ஏற்றினால் பெருசாகுமாம். அடுத்த மாசம் கல்யாணம் வேறு.

எனக்கு என் பழைய வாடிக்கையாளர் ஒருத்தர் ஞாபகம் வந்தது. கப்பலில் வேலை பார்த்தவர். கூட இருந்தவர்கள் பேச்சைக் கேட்டு இதே எண்ணெயை ஏற்றிக்கொண்டார். ரெண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கட்டி கட்டியாக இறுகி, தோல் புண்ணாகி, வாரா வாரம் என்னிடம் காஸ் துணியும் பெட்டாடினும் வாங்க ஆரம்பித்தார். "கல்லு மாதிரிதான் ஆச்சுப்பா, ஆனா வேற மாதிரி கல்லு" என்று அவரே சிரிப்பார். கடைசியில் அந்தத் தோல் முழுவதையும் வெட்டியெடுத்து, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். குழந்தைக்குத் தேய்க்கிற அந்த எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வரும் கனிம எண்ணெய். அதை உடம்பு கரைக்காது. அதைச் சுற்றித் தழும்புச் சதை வளர்ந்து, பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். 1899-ல் வியன்னாவில் கெர்சுனி என்ற சர்ஜன், விரை எடுக்கப்பட்ட ஓர் இளைஞனுக்கு வாஸ்லினை ஊசியில் ஏற்றிப் பார்த்தார். அப்போது கிளம்பிய வம்பு இன்னும் ஓயவில்லை. திரவ சிலிக்கானும் இதே ஜாதிதான், இடம் விட்டு இடம் நகரவும் செய்யும்.

பையன் விடவில்லை. "அப்ப டாக்டர் போடுற ஜெல்லு?"

அது ஹையலூரானிக் அமிலம், முகச் சுருக்கத்துக்குப் போடுவது. எண்ணெயோடு ஒப்பிட்டால் தேவலாம். தப்பாகப் போனால் ஹையலூரானிடேஸ் என்ற மருந்தைப் போட்டுக் கரைக்கலாம். ஆனால் சுற்றளவு மட்டும்தான் கூடும், நீளத்துக்கு அதில் வேலையில்லை. உடம்பு மெல்ல மெல்ல கரைத்துவிடுவதால் திரும்பத் திரும்பப் போடணும். கட்டி, சீழ், கோணல் எல்லாம் வரலாம். ஊசி ரத்தக்குழாயில் இறங்கிவிட்டால் தோலே செத்துப்போகும். மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ, இந்த இடத்துக்கென்று இந்த மாதிரி நிரப்பும் ஜெல் (ஃபில்லர்) எதற்கும் இன்றுவரை அனுமதி கொடுக்கவில்லை. எழுச்சி வராதவர்களுக்கு டாக்டர் எழுதும் ஊசி வேறு. அதைப் போட்டால் அளவு பெருசாகும் என்று குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். அதிலேயே, நாலு மணி நேரம் இறங்காமல் நின்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

"சரி, உனுக்கு இன்னா கம்மி?" என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு விரலால் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. எழுச்சியில் சராசரி நீளம் 13.12 சென்டிமீட்டர். பில் போடும் மேஜையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

சந்தேகம் போகலைன்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் யூராலஜி டாக்டரைப் பார், வெட்கப்படாதே என்றேன். தலையாட்டினான். ஊசி கொடுக்கவில்லை. இருமல் மிட்டாய் ரெண்டு வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

ரெண்டு தெரு தள்ளி இன்னொரு மெடிக்கல் பத்தரை வரைக்கும் திறந்திருக்கும். அந்த அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, பதினெட்டாம் நம்பர் கேட்டு ஒரு பையன் வந்தால் இல்லையென்று சொல்லிடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் ஷட்டரை முழுசாக இறக்கினேன்.