மேல் குழாய் இறுகிய காலையும் ஹெட் கேஸ்கெட் மாற்றிய ஆறு நாட்களும்

காரின் அடியில் ஒரு சொட்டு ஈரம் கூட இல்லை. ஆனாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட், அதன் தொட்டியில் வாரத்துக்கு அரை லிட்டர் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலையில், இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த எஞ்சினை ஓடவிட்டுவிட்டு ரேடியேட்டரின் மேல் குழாயைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டே நிமிடத்தில் அது கல்லாக இறுகியது. தண்ணீர் சூடேறும் முன்பே அழுத்தம் ஏறுகிறது என்றால், சிலிண்டருக்குள் எரியும் வாயு எங்கோ வழி கண்டுபிடித்துக் கூலண்டுக்குள் புகுகிறது.

சந்தேகத்தை மட்டும் நம்பி எஞ்சினைத் திறக்க எனக்கு மனமில்லை. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவைக் கண்டதுமே, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மேல் பகுதியான ஹெட்டுக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் காற்றின் ஈரம் படிந்தாலும் அதே படிவு வரும். என் மூடியிலோ எதுவுமே இல்லை. ஆயில் சுத்தமாக இருந்தது. அதனால் ரேடியேட்டர் வாயின் மேலுள்ள காற்றை நீலநிறச் சோதனைத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்த்தேன். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது மஞ்சளாகும். ஆனது. அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்: ஒன்றாம் சிலிண்டரில் 175 பிஎஸ்ஐ, நான்காவதில் 170, நடுவில் இருக்கும் இரண்டிலும் 95, 90. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து விழுந்தால், அவற்றுக்கு இடையில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள்.

கழற்றும் வேலையில் ஒரு முழு நாள் போனது. பேட்டரி இணைப்பு, கூலண்ட் வடிப்பு, இன்டேக், எக்ஸாஸ்ட் என்று வரிசையாகப் பிரித்தேன். பிரிக்கும் முன் ஒவ்வொரு வயர் செருகியையும் படம் எடுத்து, எண் எழுதிய ஒட்டு நாடாவைச் சுற்றினேன். கிராங்க், கேம் என்ற இரண்டு தண்டுகளையும் இணைத்துச் சுழற்றும் டைமிங் பெல்ட்டை எடுக்கும் முன் ஒன்றாம் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு பல்சக்கரங்களிலும் வெள்ளைப் பெயின்ட்டால் குறியிட்டேன். ஹெட் போல்ட்டுகள் பத்து. எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த பிறகு, ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிக் கால் திருப்பு, கால் திருப்பாகத் தளர்த்த வேண்டும். ஒரே மூச்சில் கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

தம்பியும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஹெட்டைத் தூக்கினோம். கேஸ்கெட்டில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே கறுத்து அரித்த கோடு ஒன்று, அருகிலிருந்த தண்ணீர்த் துளை வரை ஓடியிருந்தது. "இவ்வளவுதானா?" என்றான் தம்பி. அவ்வளவுதான், நகக்கண் அகலம் கூட இல்லை.

நேர்ச் சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். என் எஞ்சினின் கையேடு அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர். நடுவில் 0.10 தகடு தடையில்லாமல் போனது. இந்த நிலையில் புது கேஸ்கெட்டை மட்டும் போட்டு மூடுவது, அதே வேலையை மறுபடி செய்ய நாள் குறிப்பதுதான். ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொடுத்து, விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்து, முகத்தைச் சமன்செய்து வாங்கினேன். மூன்று நாள் காத்திருப்பு.

அந்த மூன்று நாளும் பிளாக்கைச் சுத்தம் செய்தேன். மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம் என்பேன். பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டுமே எடுத்தேன். சுழலும் தேய்ப்பு வட்டு பத்து நிமிடத்தில் முடித்துவிடும்; ஆனால் அதன் நுண்துகள் ஆயிலில் கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும். போல்ட் துளைகளில் கூலண்டும் ஆயிலும் தேங்கி நின்றன. திரவம் சுருங்காது. அடியில் அது இருக்கும்போது போல்ட்டை முறுக்கினால், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் பொய்க் கணக்குக் காட்டும். பிளாக்கிலேயே விரிசல் விழவும் கூடும். குச்சியில் துணி சுற்றி உறிஞ்சி, பிறகு கண்ணாடி அணிந்துகொண்டு காற்று அடித்து, துணி உலர்ந்தே வெளிவரும் வரை ஒவ்வொரு துளையாக முடித்தேன்.

காரணத்தையும் அப்போதே தேடினேன். கேஸ்கெட் சும்மா எரிவதில்லை. கூலண்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்க வேண்டிய, 82 டிகிரி என்று பொறித்திருந்த தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். மயிரிழை கூடத் திறக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் நெடுஞ்சாலையில் வெப்பமுள் ஏறியதை அன்று நான் பொருட்படுத்தாமல் ஓட்டியது நினைவுக்கு வந்து நெஞ்சு கனத்தது.

பூட்டும்போது புது போல்ட்டுகள். என் எஞ்சினில் இருப்பவை முறுக்கும்போதே நீளும் வகை. இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. கேஸ்கெட்டை எந்தப் பசையும் தடவாமல் உலர்வாக வைத்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, முதலில் 30 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. இந்த அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

பெல்ட் போட்டதும் சாவியைத் திருப்பவில்லை. ஸ்பார்க் பிளக்குகள் இல்லாமல் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். கேம் குறி ஒரு பல் தள்ளி நின்றது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் எஞ்சின் சீராக ஓடியிருக்காது. பெல்ட்டைக் கழற்றி மறுபடி போட்டேன். இம்முறை குறிகள் பொருந்தின.

புது ஆயிலும் ஃபில்டரும், புது தெர்மோஸ்டாட்டும், பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் கலந்த கூலண்டும் நிரப்பினேன். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஓடவிட்டேன். குமிழிகள் அரை மணி நேரம் வந்து அடங்கின. விசிறி இரண்டு முறை சுழன்று நின்றது. பூட்டும்போது சிந்திய கூலண்ட் உள்ளே போயிருக்கலாம் என்பதால் 300 கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி மாற்றினேன். இப்போதும் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அந்த மேல் குழாயை அழுத்திப் பார்க்கிறேன். மிருதுவாக இருக்கிறது.