ஒரு ஸ்டாப் குறைத்ததில் போன மாம்பழப் பெட்டி

இந்த வருஷம் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா தோப்பிலிருந்து எங்கள் வீட்டுக்குச் செந்தூரா பெட்டி வரவில்லை. பூ உதிர்ந்துவிட்டது, தத்துப்பூச்சி அடித்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன், எதிர்வீட்டு டீச்சருக்குப் பெட்டி வராமல் இருந்திருந்தால். அதிலும் அந்த ஆட்டோக்காரர், கயிறு அறுக்க எங்கள் வீட்டில்தான் கத்தி வாங்கிக்கொண்டு போனார். திருப்பிக் கொடுத்தபோது கத்தியில் மாம்பால் வாசம். அம்மா அதைக் கழுவவே விடவில்லை.

எல்லாம் நான் எழுதிய நாலு வரியால் வந்தது.

எங்கள் போட்டோ வாட்ஸப் குழுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காக்கா படம் போட்டாலும் ‘சூப்பர் ஜி’, கல்யாணப் பந்தி போட்டாலும் ‘சூப்பர் ஜி’. பென்னாகரத்துத் தம்பி படம் டவுன்லோட் ஆவதற்கு முன்பே நெருப்புப் பொம்மை போட்டுவிடுவார். ஓசூர்க்காரருக்குப் படமே தேவையில்லை. ‘என்ன லென்ஸ்?’ என்று கேட்பார், பதில் சொன்னால் அதன் விலையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அரூர் அண்ணன் மட்டும்தான் கொஞ்சம் கறார். யார் எதைப் போட்டாலும் ‘மஞ்சள் தூக்கலாக இருக்கிறது, ஒயிட் பேலன்ஸைப் பாருங்கள்’ என்பார். நாங்களும் பயந்து நீலத்தை ஏற்றி ஏற்றி, ஊரே ஊட்டி போல ஆகிவிட்டது. கடைசியில் பார்த்தால் அண்ணன் போனில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் ராத்திரி மோடைப் போட்டுவிட்டு, அதைப் பகலிலும் அணைக்காமல் இருந்திருக்கிறார்.

அட்மின் பாலக்கோட்டு வாத்தியார் ஒருநாள் பொறுமை இழந்து சட்டம் போட்டார். வெறும் சூப்பர் கூடாது. எது பிடித்தது, ஏன் பிடித்தது, எதை மாற்றலாம், மூன்றும் வேண்டும். படம் போடுகிறவரும் தனக்கு எதில் சந்தேகம் என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும். வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும், அதனால் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும், இல்லையென்றால் யாரும் ‘ஷார்ப்பாக இல்லை’ என்று வாயைத் திறக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். மறுநாள் வந்த முதல் விமர்சனம்: ‘சூப்பர். ஏன் பிடித்தது: சூப்பராக இருப்பதால். மாற்ற வேண்டியது: இல்லை.’ வாத்தியார் அதைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார்.

சட்டத்தை ஒழுங்காக மதித்த ஒரே ஆள் நான். மாமா புதுக் கேமராவில் எடுத்த கிருஷ்ணகிரி அணைப் படத்தைக் குழுவில் போட்டார். எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை, டாக்குமென்டாகவும் அனுப்பவில்லை. இருபது நெருப்புக்குப் பிறகு நான் எழுதினேன்: ‘மதகுகளின் வரிசை கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது, அருமை. அடிவானம் வலப்பக்கம் சாய்கிறது, நேர் செய்யலாம். வானம் முழுக்க வெளுத்துவிட்டது. ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்திருந்தால் மேகம் தெரிந்திருக்கும்.’ ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தைப் பாதியாக்குவது, அவ்வளவுதான். இதில் என்ன தப்பு? பாராட்டு, காரணம், திருத்தம், எல்லாம் இருக்கிறதே! காமராஜர் காலத்து அணை, 2017இல் மதகு ஒன்று உடைந்தபோதுகூட நிமிர்ந்து நின்ற அணை, மாமா படத்தில் மட்டும் சரிந்து கிடந்தது. அந்தச் சாய்வுக்குத் தென்பெண்ணை காவேரிப்பட்டணம் பக்கம் போகாது, வந்த வழியே ஓசூருக்குத் திரும்பிவிடும். இதை நான் குழுவில் எழுதவில்லை. மனதுக்குள் மட்டும்தான் நினைத்தேன்.

மாமா ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார். நம் சொந்தத்தில் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் அக்காவிடமிருந்து போன். “ஏன்டா, அத்தனை பேர் முன்னாடி அவரைச் சாய்ஞ்சிருக்குன்னு சொன்னியா? மனுஷன் சாப்பிடாம உக்காந்திருக்கார்.” அணைதான் சாய்ந்திருக்கிறது, மாமா இல்லை என்று விளக்குவதற்குள் வைத்துவிட்டாள்.

மாமா வட்டியோடு திருப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். நான் ஒகேனக்கல் அருவிப் படம் போட்டேன். முக்காலி வைத்து, வெளிச்சத்தைக் குறைக்கும் இருட்டு ஃபில்டர் மாட்டி, ஷட்டரை ஒரு செகண்ட் திறந்து எடுத்தது. ‘தண்ணீரின் ஓட்டம் சரியாக வந்திருக்கிறதா?’ என்று சட்டப்படி சந்தேகமும் கேட்டேன். ஓசூர்க்காரர் ஃபில்டர் விலை கேட்டார். ஒருவர் மீன் வறுவல் எந்தக் கடையில் நல்லா இருக்கும் என்று கேட்க, அதற்குப் பதினேழு பேர் காரணத்தோடு விரிவாகப் பதில் சொன்னார்கள். மாமா பக்கமிருந்து அதே கட்டைவிரல்.

உருப்படியாகச் சொன்னது அம்மாதான், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே. “தண்ணி எங்கடா? பால் காய்ச்சி ஊத்துன மாதிரி கெடக்கு. அங்க நின்னா பக்கத்துல பேசறதே கேக்காது, இதுல சத்தமே இல்லியே. அப்புறம், அந்தப் பரிசல்காரருக்கு மூஞ்சியைக் காணோம்.” ஒரு செகண்டில் பரிசல் நகர்ந்துவிடும், மூஞ்சி எங்கே நிற்கும்? பதினைந்தில் ஒரு பங்கு செகண்ட் வைத்திருந்தால் தண்ணீரில் நார் நாராக வேகம் தெரிந்திருக்கும். பரிசல்காரர் வேண்டும் என்றால் இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்குப் போக வேண்டும். அப்புறம் நுரை உறைந்து நிற்கும். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அம்மா எந்தக் குழுவிலும் இல்லை, அவர் போனில் டார்ச் லைட் மட்டும்தான் வேலை செய்கிறது.

போன வாரம் காவேரிப்பட்டணத்தில் காதுகுத்து. மாமாவும் நானும் ஒரே பந்தியில் அடுத்தடுத்த இலை. ரசம் வரும்வரை பேசவில்லை. மோர் ஊற்றியதும் மாமா கேமராவை எடுத்து, அதே படத்தைத் திரையில் போட்டு, இடது கீழ் மூலையைப் பெரிதாக்கி என் பக்கம் நீட்டினார்.

மூலையில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். வாட்ஸப் சுருக்கியதில் அவள் சுவரோடு சுவராகிவிட்டிருக்கிறாள். “நேர் பண்ணிப் பார்த்தேன்டா. நேர் பண்ணுனா மூலை வெட்டுப்படுது, உங்கக்கா போயிடறா. மதகையும் அவளையும் சேர்த்து உள்ள கொண்டாரத்தான் சாய்ச்சதே.” ரெண்டு அடி பின்னால் போயிருக்கலாமே என்றேன். “பின்னாடி மீன் வறுக்கிற எண்ணெய்ச் சட்டிடா” என்றார். நான் சொன்ன ஒரு ஸ்டாப்பைக் குறைத்திருந்தால் மேகம் கிடைத்திருக்கும், எதிர்வெயிலில் அக்கா மொத்தமாக இருட்டில் போயிருப்பாள்.

அதற்குள் அக்காவே பாயசம் கேட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். “இது நானா? இத்தனை காசு போட்டுக் கேமரா வாங்கி எறும்பு சைசுக்கு எடுத்து வெச்சிருக்கீங்க. அன்னிக்குக் கட்டினது அரக்குச் சேலை, இதுல கறுப்பாத் தெரியுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாமா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் என் பக்கம் குனிந்து, “அரக்கு தெரியணும்னா எத்தனை ஸ்டாப் ஏத்தணும்டா?” என்று கேட்டார்.