காலை ஆறு மணிக் கேள்வி

அக்டோபர் 4

இன்றைய கேள்வி: 1957-ல் இதே நாளில் சோவியத் யூனியன் ஏவிய ஸ்புட்னிக் 1 எத்தனை கிலோ? அக்கா ஐந்நூறு என்றாள், மாமா ஒரு டன் என்றார். 83.6 கிலோதான், நல்ல வாட்டசாட்டமான ஒரு ஆளின் எடை. 58 சென்டிமீட்டர் உருண்டை, நாலு ஆன்டெனா, பீப் பீப். அப்பா படித்துவிட்டார், நீல டிக் விழுந்தது, பதில் போடவில்லை. போன மாதம் வரை கேட்பது அவர் வேலை, முழிப்பது என் வேலை.

15ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 5

தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து அப்பாவின் நோட்டைப் புரட்டினேன். தேதிக்கு ஒரு பக்கம், மொத்தம் 366. இன்றைய பக்கத்தில் வள்ளலார் பிறந்தது 1823, உலக ஆசிரியர் தினம். கீழே சிவப்பு மையில் ஒரு வரி: "1582-ல் இந்த நாள் கிடையாது." அடுத்த பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்ததிலும். 14 வரைக்கும் பத்துப் பக்கத்திலும் எழுதியிருக்கிறார், ஒன்றில்கூட 'மேற்படி' என்று சுருக்கவில்லை.

விஷயம் எனக்குத் தெரியும்தான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்குப் பதினொரு நிமிடம் சொச்சம் கூடுதலாக எண்ணிக்கொண்டே வந்தது, 128 வருடம் போனால் அது ஒரு நாள். அப்படிச் சேர்ந்து சேர்ந்து மார்ச் 21-ல் வர வேண்டிய சம இரவு நாள் 11-க்கே வந்து நின்றது. போப் பதின்மூன்றாம் கிரெகரி பத்து நாளைத் தூக்கிவிட்டார். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்தில் 4ஆம் தேதி வியாழக்கிழமை படுத்தவர்கள் 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை எழுந்தார்கள். கிழமை மட்டும் தவறவில்லை.

நாலாம் தேதி படுத்துப் பதினைந்தாம் தேதி எழுவது. அதுவும் இதே பத்து நாளா.

அக்டோபர் 6

இயற்பியலாளர் மேகநாத் சாஹா பிறந்தது, 1893. யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 7

லூனா 3, 1959. நிலாவின் மறுபக்கத்தை முதன்முதலில் படம் பிடித்தது. பிலிமை அங்கேயே கழுவி, காயவைத்து, பிறகுதான் ரேடியோவில் அனுப்ப முடிந்தது. உலகம் அந்தப் படத்தைப் பார்த்தது மாதக் கடைசியில். எடுத்தாகிவிட்டது, ஆனால் என்ன இருக்கிறது என்று தெரியாது. இதைக் கேள்வியாக்கப் பிடிக்கவில்லை, நீல்ஸ் போர் பிறந்த நாளைப் போட்டு ஒப்பேற்றினேன்.

அக்டோபர் 8

அப்பா பதில் போட்டார்! கேள்வி இதுதான்: உடலுக்குள் பொருத்திய முதல் பேஸ்மேக்கர் எத்தனை நேரம் ஓடியது? ஆளாளுக்கு ஒரு வருடம், ஆறு மாதம் என்று போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து ஒரே வார்த்தை, "மணிக்கணக்கு."

1958, ஸ்வீடன். ஆர்னே லார்சன், 43 வயது, ஒரு நாளில் பல தடவை மயங்கி விழுகிற ஆள். அவர் மனைவி விடாமல் போய் நின்று கெஞ்சியதால்தான் ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளரும் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவரும் துணிந்தார்கள். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த கருவி அது. சில மணி நேரத்தில் நின்றுபோனது. இன்னொன்றை வைத்தார்கள், அதுவும் நீடிக்கவில்லை. அப்புறம் ஒன்று மாற்றி ஒன்று, வாழ்நாளில் இருபதுக்கும் மேல். லார்சன் இறந்தது 2001-ல், 86 வயதில். செய்தவரும் வைத்தவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

இதை நாலு பேருக்குத் தனித்தனியாகப் போன் போட்டுச் சொன்னேன். எல்லோரும் "சரி சரி, நல்லதே நடக்கும்" என்றார்கள். நான் அதற்காகச் சொல்லவில்லை.

அக்டோபர் 9

எந்த ஆண்டு, எந்த ஆண்டு, எந்த ஆண்டு. ஆண்டைக் கேட்பது சோம்பேறிக் கேள்வி. தெரிந்தவன் சொல்வான், தெரியாதவன் யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. இன்று நானும் அதைத்தான் செய்தேன், உலக அஞ்சல் ஒன்றியம், 1874. தலை வலிக்கிறது.

அக்டோபர் 10

மாமா ஒரு ஃபார்வர்டு போட்டார், கலிலியோ இறந்த வருடமே நியூட்டன் பிறந்தார், இயற்கையின் திட்டம் என்று. இத்தாலியில் புதுக் கணக்கு, 1642 ஜனவரியில் கலிலியோ இறந்தார். இங்கிலாந்து 1752 வரை பழைய கணக்கை விடவில்லை, அந்தக் கணக்கில்தான் நியூட்டன் 1642 கிறிஸ்துமஸில் பிறந்தவர். ஒரே கணக்கில் வைத்தால் 1643 ஜனவரி 4. இரண்டு நாட்காட்டியைக் கலந்து இயற்கையின் தலையில் கட்டுகிறார்கள். இதை இவ்வளவு கோபமாக எழுதியிருக்க வேண்டாம். மாமா குழுவை விட்டுப் போய்விட்டார், அக்கா திரும்பச் சேர்த்தாள்.

அக்டோபர் 11

இன்று கேள்வி போடவில்லை.

6:10-க்கு அப்பா: "கேள்வி எங்கே?"

போட்டேன்.

அக்டோபர் 12

அப்பா நேரிலேயே பிடித்தார். "கொலம்பஸுக்கு 12ன்னா போட்ட?" எல்லோரும் 12 என்றுதானே கொண்டாடுகிறார்கள் என்றேன். 1492-ல் இருந்தது ஜூலியன், இப்போதைய கணக்கில் அது 21 என்றார். அதே கணக்கில் ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியே நவம்பர் 7-ல்தானே வருகிறது, அதற்காகப் பேரை மாற்றினார்களா என்று கேட்டேன். அரை மணி நேரம் சண்டை. குரல் பழையபடி இருந்தது. பாதியில் தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

கடைசியில் கேட்டேன், அந்தப் பத்துப் பக்கத்திலும் எதற்கு ஒரே வரி? "ஒவ்வொரு நாளும்தான் இல்லாமப் போச்சு, ஒண்ணுல எழுதினா போதுமா?"

அக்டோபர் 13

சிலி சுரங்கம், 2010. 33 பேர், 69 நாள், இதே தேதியில் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். எனக்கு மனசில் நிற்பது 69 இல்லை, முதல் 17. இருக்கிறார்களா இல்லையா என்று மேலே யாருக்கும் தெரியாத 17 நாள். துளையிட்ட கருவியைத் திரும்ப இழுத்தபோது அதில் கட்டியிருந்த காகிதத்தில், பாதுகாப்பு அறையில் 33 பேரும் நலம் என்று சிவப்பு எழுத்து. கேள்வியை அனுப்பிவிட்டுப் பார்த்தால் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஒருத்தரும் கிண்டல் செய்யவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

அக்டோபர் 14

1947, சக் யேகர், ஒலியை விட வேகமாகப் பறந்தவர். இரண்டு நாள் முன்பு குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. படைத்தளத்து டாக்டர்களிடம் மூச்சே விடவில்லை. விமானக் கதவைச் சாத்தக் கை வராததால் துடைப்பக் கட்டைத் துண்டு ஒன்றை எடுத்துப் போனார். அப்பா ரொம்ப ரசித்தார். "டாக்டர்கிட்ட சொல்லலை பாரு!"

உங்களை மாதிரியா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இரவு 11:40. நாளைக்குக் கலாம் பிறந்த நாள், குழந்தைக்கும் தெரியும், உதவாது. '1582-ல் அக்டோபர் 4-க்கு மறுநாள் எது' என்று தட்டி வைத்திருக்கிறேன். எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். ஆறு மணிக்கே அனுப்பிவிடலாமா, இல்லை போய் வந்த பிறகு