நாற்பது ஏக்கரும் ஒரு பன்றியும்

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் ஜெஃபர்சன் என்கிற ஊரில் பதினோரு மாதம் இருந்தேன். மாநிலத் தலைநகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். நடுவில் கோர்ட்டு, அதன் வளாகத்தில் 168 அடி உயர மணிக்கூண்டு, சுற்றிக் கடைவீதி. கடைவீதியைத் தாண்டினால் மக்காச்சோளம், அதைத் தாண்டினால் சோயா, அதையும் தாண்டினால் மறுபடி மக்காச்சோளம்.

ஒரு விதைக் கம்பெனிக்கு மார்க்கெட்டிங் பார்ப்பதுதான் வேலை. போன புதிதில், வயதை வைத்து ஆட்களைப் பிரித்து, ஃபேஸ்புக்கில் விளம்பரம் ஓடவிட்டேன். பொன்னிறக் கதிர்கள் காற்றில் சாய, பின்னால் சூரியன் இறங்குகிற படம். பார்க்கவே கண் நிறைந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு பெட்ரோல் பங்கில் காபி வாங்கப் போனேன். அங்கே ஒரு மேசையில் தினமும் ஏழெட்டுப் பெரியவர்கள் கூடுவார்கள். அன்றைய காபிக்கு யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டித்தான் முடிவு செய்வார்கள். அதில் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "அந்தச் சோள விதை விளம்பரம் போட்டது நீதானா? படத்தில் இருப்பது கோதுமை" என்றார். மேசையே குலுங்கியது. தஞ்சாவூர்ப் பக்கம் நெல் அறுத்த வீட்டில் பிறந்தவன் நான். பயிர் மாற்றிப் படம் போட்டதற்கு என் தாத்தா இருந்திருந்தால் சோறு போட்டிருக்க மாட்டார்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. மூன்றாவது வாரம் மேனேஜர் கூப்பிட்டார். "உன்மேல் ஒரு புகார் வந்திருக்கிறது, ரோட்டில் யாருக்கும் கை காட்ட மாட்டேன் என்கிறாயாமே?" அந்த ஊர் மண் ரோட்டில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு அங்குலம் தூக்க வேண்டும். தெரிந்தவரா தெரியாதவரா என்பதெல்லாம் அப்புறம். எனக்கு முதலில் அது கண்ணிலேயே படவில்லை. பட்ட பிறகு எதிரே வந்த தபால் வண்டி, பள்ளிப் பேருந்து, ஒரு முறை சவ வண்டி என்று எதையும் விடவில்லை.

இந்த ஊருக்கும் என் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு என்பது போன பிறகுதான் தெரிந்தது. கருத்துக்கணிப்புக்கே மறுபெயராகிவிட்ட ஜார்ஜ் கேலப் 1901-இல் பிறந்தது இங்கேதான். அந்தக் குடும்பத்தின் எட்டு மூலை வீடு இன்றும் நிற்கிறது. பத்திரிகையில் எதைப் படிக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டால் ஜனங்கள் கௌரவமான பதிலைத்தான் சொல்வார்கள் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டி, இதைப் படித்தீர்களா, இதைப் படித்தீர்களா என்று கேட்கிற முறையைக் கொண்டுவந்தவர் அவர்.

இன்னொன்று அதைவிட நெருக்கம். பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இந்த ஜெஃபர்சனிலும் பக்கத்து கிராண்ட் ஜங்ஷனிலும் 259 விவசாயிகளைப் பேட்டி எடுத்து, 1943-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒட்டுரக மக்காச்சோளம் அப்போது புதுசு. விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு கூடும், வறட்சியும் தாங்கும். ஆனால் நம்மூர் விதைநெல் மாதிரி எடுத்து வைத்து மறுவருடம் போட முடியாது. வருடா வருடம் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். அவர்கள் பார்த்தவரை, அப்படி ஒரு விதை இருக்கிறது என்ற சேதியைக் கொண்டுவந்தவன் பெரும்பாலும் விற்பனைக்காரன். நம்பவைத்தவன் பக்கத்துக் காட்டுக்காரன். போட்டவர்களும் முதல் வருடம் ஒரு மூலையில் கொஞ்சம்தான் போட்டார்கள். நிலம் முழுக்க மாற்ற மூன்று நாலு வருடம் எடுத்துக்கொண்டார்கள். கேள்விப்பட்டதிலிருந்து முதலில் வாங்கும்வரையே பல வருடம் ஆகியிருந்தது. எனக்கோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிப்போர்ட் அனுப்ப வேண்டும்.

அப்புறம்தான் ரோட்டோரம் கவனிக்கத் தொடங்கினேன். வரப்போரம் சின்னச் சின்னப் பலகைகள். ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பெயரும் ரகத்தின் எண்ணும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீட்டுக்கு நேராகப் போக மாட்டார்கள். வண்டியை மெதுவாக உருட்டி, யார் காட்டில் எது எவ்வளவு உயரம், எங்கே மஞ்சள் அடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார்கள். காசு செலவழித்து நான் எடுத்த எந்த விளம்பரத்தையும் யாரும் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. மிச்சமிருந்த பணத்தில் பலகை அடித்தேன்.

ஜூலையில் கவுண்டிச் சந்தை. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. 4-எச் என்று பிள்ளைகளுக்கான அமைப்பு. நாலு இலைப் பச்சைச் சின்னம். வருடம் முழுக்க ஆடு, மாடு, பன்றி வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். கடைசியில் ஏலம். ஊர்க் கடைக்காரர்கள், பேங்க், விதைக் கம்பெனி எல்லாரும் கேட்பார்கள். சந்தை விலையைப்போல் பல மடங்கு போகும். அது அந்தப் பிள்ளையின் படிப்புக்கு. அயோவாவில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம், ஏறக்குறைய ஆளுக்கு ஏழு. அதில் ஒன்று அன்று என் தலையில் விழுந்தது. ஏலம் விடுகிறவர் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு எண்கூடப் பிடிபடவில்லை. மேனேஜர் முழங்கையால் இடிக்கும்போதெல்லாம் கையைத் தூக்கினேன். சைவக் குடும்பத்துப் பிள்ளை பன்றியை ஏலம் எடுத்த கதையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதுப் பெண் அது. ஓடி வந்து கை கொடுத்தது. அடுத்த வாரம் தபாலில் கையால் எழுதிய நன்றிக் கடிதம் வந்தது, பன்றியோடு நிற்கிற போட்டோவும் வைத்து. நான் அந்தப் போட்டோவைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன், மேனேஜர் ரசீதை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பெட்ரோல் பங்க் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. பகடையும் கிடைத்தது, தோற்றுக் காபி வாங்கிக் கொடுத்ததுதான் அதிகம்.

இதெல்லாம் நல்லெண்ணத்துக்குச் செய்கிற செலவா, வியாபாரமா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அங்கே யாரும் பிரித்துப் பார்ப்பதாகவும் தோன்றவில்லை. சாவு வீட்டுக்கு யார் சாப்பாடு கொண்டுவந்தார்கள் என்பதை நினைவு வைத்திருக்கிற அதே ஆட்கள், யாரிடம் விதை வாங்குவது என்பதையும் முடிவு செய்கிறார்கள்.

நவம்பரில் அறுவடை முடிந்து, அடுத்த வருட விதைக்கு ஆர்டர் போடுகிற நேரம். சிவப்புத் தொப்பிக்காரர் தானாகவே ஆபீசுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. "நாற்பது ஏக்கருக்கு எழுதிக்கொள்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாயிரம் பேர் பார்க்கிற மெயின் ரோட்டு ஓரம்தானே அவர் நிலம், பெரிய பலகையாகவே வைத்துவிடலாம் என்றேன்.

"ரோட்டோரம் இல்லை. கொட்டகைக்குப் பின்னால், ஓடைப் பக்கம்" என்றார். "பலகையும் வேண்டாம்."